கதவு வைத்த குளிர்காலம்

இங்கே ஒரு வகுப்புப் பிள்ளைகளை விளையாட வெளியே கூட்டிப்போவது, எங்கள் ஊரில் ஒரு வள்ளத்தைக் கடலில் தள்ளுவதைவிட நேரம் பிடிக்கிற காரியம். முதலில் கம்பளிக் காலுறை. அதன்மேல், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த பனியுடை, ஷ்னேஆன்சூக் என்கிறார்கள். பிறகு பூட்ஸ், கழுத்துத்துணி, காதை மூடும் தொப்பி, கடைசியாகக் கையுறை. வரிசை மாறிப்போனால் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பப் போடவேண்டும். வராந்தா பெஞ்சு நெடுக, இறக்கிவைத்த சரக்கு மூட்டைகளைப்போலப் பிள்ளைகள் அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பிள்ளையின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு நான் நிமிரும்போது, முதலில் உடுத்திவிட்ட பிள்ளை ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லும். இதுதான் இப்போது நான் பார்க்கிற வேலை.

தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். என் மனைவி டெல்பினா நர்ஸ். ஜெர்மனியில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் பின்னாலேயே நானும் எங்கள் மகள் ரீத்தாவும் வந்து சேர்ந்தோம். மலையூரில் கப்பலும் இல்லை, கண்டெய்னரும் இல்லை. மொழி வகுப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள், “பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்குமா?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஜெர்மன் வராது. பிடிக்கும் என்று மட்டுமே சொல்ல வந்தது. அப்படித்தான் கிண்டர்கார்டனுக்கு உதவியாளனாக வந்தேன். ஊரில் நாம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் அந்தச் சொல் இவர்களுடையது என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. ஜெரால்ட் என்ற என் பெயரும் இவர்களிடம் உண்டு. ஆனால் கேரால்ட் என்கிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். ஜனவரிவரை எனக்குச் சோதனைக் காலம். அது முடியும்போது தலைமை ஆசிரியை கெர்ஸ்டின் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுப்பார். இந்த வேலை போனால் நான் மறுபடி வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கவேண்டியதுதான்.

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்த அன்று, கெர்ஸ்டின் என்னைக் கூப்பிட்டார். காலையில் பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் அந்த வாரம் முழுக்கக் குளிர்காலம்தான் பாடம். “நாளைக்கு நீ நடத்து, கேரால்ட். உன் நாட்டுக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்” என்றார். குளிர்காலத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் எங்கள் கான்வென்ட் பள்ளியில் படித்ததுதான். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பனிமனிதன் படம் இருக்கும். குளிர்காலத்தில் நாம் கம்பளி உடை அணிகிறோம் என்று, சட்டை முதுகோடு ஒட்ட, வியர்வை பேப்பரில் சொட்ட, பரீட்சை எழுதியிருக்கிறேன். யார் அந்த ‘நாம்’ என்று யாரும் கேட்கவில்லை. பனி எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மீன்காரம்மா ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டா எப்படி இருக்கும்? ஊரே அப்படி இருக்கும்” என்றார். எனக்குக் கிடைத்த குளிர்காலக் கல்வி அவ்வளவுதான்.

மறுநாள் வட்டத்தில் உட்கார்ந்தேன். ராத்திரி மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்கள், பிள்ளைகளின் முகங்களைப் பார்த்ததும் கலைந்துவிட்டன. எங்கள் ஊரில் குளிர்காலம் இல்லை என்றேன். டிசம்பரில் பிள்ளைகள் என்ன போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். பிள்ளைகளுக்கு ஜாக்கெட் தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். தேவை என்ற சொல் நாக்கில் வரவில்லை. “பிள்ளைகளிடம் ஜாக்கெட் இல்லை” என்று வந்தது. பூட்ஸ்? அதுவும் இல்லை, கடற்கரையில் வெறுங்காலோடு ஓடுவார்கள். வீட்டில் ஹீட்டர்? இல்லை. எமில் என்று ஒரு சிறுவன். எதைக் கேட்டாலும் உடனே முகத்தில் தெரிந்துவிடும். அவன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் பிடித்துப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். கெர்ஸ்டின்கூடத் தலையாட்டினார். அன்றைக்கு வீட்டுக்குச் சந்தோஷமாக நடந்தேன்.

அடுத்த நாள் காலையில் எமிலின் அம்மா ஒரு பெரிய நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் வைத்து, மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. எமில் ராத்திரி சாப்பிடவே இல்லை. எல்லாம் துவைத்ததுதான்.” பைக்குள் சின்னச் சின்ன ஜாக்கெட்டுகள், பனியுடைகள், பூட்ஸ். பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். நன்றி என்றேன். காது சுட்டது. ஏஜென்சியில் இருந்தபோது, இப்படிப்பட்ட தேசங்களிலிருந்து கழித்துப்போட்ட துணிகள் பேல் பேலாகக் கட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அதே துணி என் கைக்கு நேராக வந்துவிட்டது என்று தோன்றியது. நல்ல வீட்டில் பிறந்து, கப்பல் கப்பலாகச் சரக்கை இறக்கிவிட்டவனை, பையோடு நிற்கவைத்துவிட்டார்களே என்று மனம் கொதித்தது.

பையை வீட்டுக்குக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் போட்டேன். டெல்பினா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அந்த அம்மா மேல என்ன தப்பு இருக்கு? ஜாக்கெட் இல்ல, செருப்பு இல்ல, ஹீட்டர் இல்லன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. இந்தக் குளிர்ல நிக்கிறவங்களுக்கு அது எப்படிக் கேக்கும்?”

“அதுக்காகப் பழைய துணியா?”

அவள் பையைப் பிரித்தாள். மேலாக ஒரு ஜோடிக் கையுறை இருந்தது. நரி முகம் பின்னிய சிவப்புக் கையுறை. தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஈரமாக இருந்தது. அது பழையதில்லை. எமில் தினமும் போட்டுக்கொண்டு வருவது. அன்று மத்தியானம் அவனுக்கு உடுத்தும்போது கையுறையைக் காணவில்லை என்று இரவல் ஜோடி ஒன்றை மாட்டிவிட்டது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா மூட்டை கட்டிய பிறகு, யாரும் பார்க்காதபோது, பயல் தன் கையில் இருந்ததையும் கழற்றி உள்ளே போட்டிருக்கிறான். நான் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அன்று சாயந்திரம் என் அண்ணன் அந்தோணியைப் போனில் கூப்பிட்டேன். அவன் ஊரில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவன். நடந்ததைச் சொன்னதும் போன் அதிரச் சிரித்தான்.

“ஏலே, நல்ல கோட்டா இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைலே. இங்கன கம்பெனிக்காரன் குடுத்த கோட்டுல பஞ்சு வெளியே வந்து தொங்குது.”

“எல்லாம் சின்னப் பிள்ளைக கோட்டுண்ணே. உனக்கு ஒரு கை கூட நுழையாது.”

“அப்பம் அந்தப் பயகிட்ட சொல்லு. தூத்துக்குடியிலயும் குளுரு உண்டும்னு. நான் தெனம் அதுக்குள்ளதான கெடக்கேன். நீ எப்படில நம்ம ஊர்ல குளுரே இல்லன்னு சொன்ன?”

நாளைக்கு வேலைக்குப் போகும்போது கோட்டோடு நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டேன். அனுப்பினான். குளிர் அறையின் தடித்த கதவு திறந்திருக்கிறது. உள்ளிருந்து வெள்ளைப்புகை தரையோடு தவழ்ந்து வருகிறது. கோட்டும் குரங்குக் குல்லாவுமாக, புருவம் நரைத்ததுபோல வெண்பனி ஒட்டிய முகத்தோடு அண்ணன் சிரிக்கிறான். அவனுக்கு ரெண்டடி தள்ளி, வெயிலில், வெற்று மேலோடு ஒரு லோடுமேன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

கெர்ஸ்டினிடம் போய், பாடத்தைத் தப்பாக நடத்திவிட்டேன், இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்டேன். சோதனைக் காலத்தில் இருப்பவன் கேட்கிற கேள்வியா என்று பயமாகத்தான் இருந்தது. அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நாளைக்கே” என்றார்.

இந்தமுறை தேவை என்ற சொல்லை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் தேவையில்லை, டிசம்பரிலும் பனியன் போதும் என்றேன். எமில் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். போட்டோவைச் சுற்றுக்கு விட்டேன். இது என் அண்ணன். எங்கள் ஊரில் குளிர்காலம் ஒரு அறைக்குள் இருக்கிறது, அதற்கு ஒரு கதவு உண்டு என்றேன். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். “கதவைச் சாத்தினால் கோடையா?” என்று எமில் கேட்டான். ஆமாம் என்றேன். “யார் வேண்டுமானாலும் திறக்கலாமா?” முடியாது, இறால் கெட்டுப்போகும் என்றேன். அவன் முகம் தெளிய ஆரம்பித்தது.

அப்புறம் ஐஸ் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். தகரப் பெட்டிகளில் தண்ணீர் ஊற்றி உறையவைப்பதையும், கட்டியை இழுத்துவந்து நொறுக்கி மீனோடு அடுக்குவதையும் கேட்டதும், நாமும் செய்வோம் என்று கத்தினார்கள். சமையலறையிலிருந்து அகப்பட்ட டப்பாக்களிலெல்லாம் தண்ணீர் பிடித்து முற்றத்தில் வைத்தோம். எங்கள் ஊரில் மோட்டார் ஓடி, கரண்ட் செலவாகி நடக்கிற காரியம், இங்கே சும்மா வெளியே வைத்ததும் காலைக்குள் முடிந்திருந்தது. பிள்ளைகள் மரச் சுத்தியலால் கட்டிகளை உடைத்து, மரக்கட்டை மீன்களை ஐஸில் புதைத்து, மீன்பிடித் துறைமுகம் போட்டார்கள். ஏலம் விடுவது எப்படி என்று நான் ஒருதரம் கத்திக் காட்டினேன். மெதுவாகப் பேசும் ஊர் இது. கெர்ஸ்டின் ஜன்னலைத் திறந்து என்ன ஆயிற்று என்று பார்த்தார். எமில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, “சீலா! சீலா!” என்று நான் சொல்லிக்கொடுத்த மீன் பெயரைக் கத்தி, கேட்ட பிள்ளைக்கெல்லாம் மீன் கொடுத்தான். அவன் கையில் நரிக் கையுறை இருந்தது. காலையில் நான்தான் மாட்டிவிட்டேன். திருப்பிக் கொடுக்கிறேனே என்று வருத்தப்படுவானோ என்று நினைத்தேன். “உன் அண்ணனுக்கு என் கையுறை சின்னதாக இருக்கும்” என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான்.

அன்று கூட்டிப்போக வந்த அவன் அம்மாவிடம், தேவை இல்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் நான் தொலைத்த சொல்லைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். துணிகளைப் பள்ளியின் இரவல் பெட்டியில் சேர்த்துவிட்டோம், நனைந்துவரும் பிள்ளைகளுக்கு ஆகும் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, டிசம்பரில் எங்களுக்குக் குளிர் இல்லை, மழைதான் என்றேன். உப்பளங்களில் தண்ணீர் நிற்கும், உப்பு வாருகிறவர்களுக்கு வேலை இருக்காது, கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும், வெயில் எப்போது வரும் என்று எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் உங்களுக்கும் குளிர்காலம் இருக்கிறது. நனைந்த குளிர்காலம்” என்றார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கெர்ஸ்டின், “பிப்ரவரியில் மாறுவேடத் திருவிழா. நீ என்ன வேடம் போடுவாய் என்று யோசித்து வை” என்றார். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான், பிப்ரவரி என்பது என் சோதனைக் காலம் முடிகிற ஜனவரிக்கு அப்புறம் வருவது என்று உறைத்தது. நடைபாதையிலேயே நின்றுவிட்டேன்.

அந்த வாரம்தான் வீட்டில் குடில் வைத்தோம். சூசையப்பரும் மாதாவும் ஊரிலிருந்து துணியில் சுற்றிக்கொண்டு வந்த மண் பொம்மைகள். கீழே பனிபோலப் பஞ்சு விரிக்கலாமா என்று டெல்பினா கேட்டதற்கு, ரீத்தா ஜன்னலைக் காட்டி, “அதான் வெளிய கெடக்கே. நமக்கு மணல் வேணும்” என்றாள். மணலுக்கு எங்கே போவது? பள்ளி மணல்தொட்டியில் பனியை ஒதுக்கிப் பார்த்தேன். மணல் பாறைபோல உறைந்து கிடந்தது. எமில் பக்கத்தில் நின்று எங்கே உடைக்கவேண்டும் என்று யோசனை சொல்ல, மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்து வாளியில் கொண்டுவந்தேன். ஹீட்டர் பக்கத்தில் வைத்ததும் அது மெல்ல உதிர ஆரம்பித்தது. அறை முழுக்க ஈர மணலின் வாசனை.

ரீத்தா அதைக் குடிலுக்கு முன்னால் பரப்பி, காகிதத்தில் ஒரு வள்ளம் செய்து ஏற்றிவைத்தாள். வீடியோவில் அண்ணன் பிள்ளைகள் தங்கள் குடிலைக் காட்டினார்கள். கூரை, மலை, ஆடுகள் எல்லாவற்றின் மேலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது பறந்துகொண்டிருந்தது. “சித்தப்பா, பனி இப்படித்தான இருக்கும்?” என்று சின்னவள் கேட்டாள். அச்சு அசல் அப்படியேதான் என்றேன். அண்ணன் தலையை நீட்டி எங்கள் குடிலைப் பார்த்தான்.

“ஏளா ரீத்தா, அங்கன கடற்கரை மண்ணு எப்படிக் கெடச்சுது?”

“அப்பா ஸ்கூல்ல ஒடச்சு எடுத்துட்டு வந்தாங்க பெரியப்பா.”

மணல் கட்டியின் நடுப்பாகம் மட்டும் இன்னும் உருகாமல், இறுகிய உருண்டையாக வாளியில் இருந்தது. அதையும் உதிர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, ரீத்தா அதை இரண்டு கையாலும் எடுத்து, வள்ளத்துக்குப் பக்கத்தில், மணல்மேல் மலைபோல வைத்தாள். அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, வள்ளம் நின்ற இடம்வரை கரையை நனைத்தது.