ஹனோயில் வாங்கிய பச்சைப் பலகாரம்

போன வெள்ளிக்கிழமை ஹீத்ரோ விமான நிலையத்தில் என் சூட்கேஸைத் தூக்கிய என் கணவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இதுக்குள்ள என்னப்பா? வியட்நாமையே கட்டிக்கொண்டு வந்திட்டீரோ?"

ஏறக்குறைய அப்படித்தான். பத்து நாள் பயணம். தெற்கே சைகோனில் தொடங்கி வடக்கே ஹனோயில் முடித்தோம். சூட்கேஸில் கால்பங்கு துணி. மீதி முழுக்கத் தின்பண்டம்.

லண்டனில் கிடைக்காததா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும்தான். ஆனால் இது வருங்காலச் சம்பந்தி வீட்டுக்கு வாங்கியது. அவர்கள் ஊரிலிருந்து அவர்களுக்கே… அதைப் போய் இங்கே வால்தம்ஸ்டோ கடையில் வாங்கிக் கொடுக்க முடியுமா?

என் மகள் நிலானி கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பையனின் பெயர் மின். பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பையன் என்று நினைத்து என் கணவர் ஒரு முழு நிமிடம் சந்தோஷப்பட்டார். வியட்நாமியப் பையன். பிறந்தது லண்டனில். அப்பா லாம், ஹனோய்க்காரர். அம்மா ஹோவா, தென்னை மரங்கள் மண்டிய பென் ட்ரே என்ற தெற்கத்திய ஊர். இரண்டு பேரும் இளம் வயதில் வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி, இங்கே ஓர் அகதி விடுதியில் சந்தித்துக்கொண்டவர்கள்.

எங்கள் வீடும் இரண்டு ஊர் கலந்ததுதான். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்தவள். என் கணவர் சிவம், யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். நான் "ஆமா" என்பேன். அவர் "ஓம்" என்பார். நிலானி இரண்டும் வேண்டாமென்று "யா" என்பாள்.

ஆக, பொருத்தம் எல்லாம் சரி. ஒரே ஒரு கவலை… லாம் பேசமாட்டார்.

இரண்டு மாதம் முன்பு ஓர் உணவகத்தில் முதல் சந்திப்பு. ஹோவா கலகலவென்று பேசினார். லாம் நூடுல்ஸைச் சாப்பிட்டார், தேநீரைக் குடித்தார், எங்களை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மொத்தம் பதினொரு சொற்கள் பேசினார் என்று காரில் வரும்போது என் கணவர் கணக்குச் சொன்னார்.

"அந்த மனுசனுக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல."

"அப்படியெல்லாம் இல்லைங்க. அவர் சுபாவம் அப்படி" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

அதனால்தான் வியட்நாமில் அந்த வேட்டை. எல்லா ஊரிலும், "இந்த ஊருக்கே உரியது என்ன?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். பென் ட்ரேயில் தேங்காய் மிட்டாய். ஒரு பெரிய வாணலியில் தேங்காய்ப்பால் கொதித்துக் கெட்டியாகிறது. அதை நீளமாக இழுத்து, துண்டு போட்டு, பெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் சுற்றி வைக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தாளை என் கணவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். மிட்டாய்க்காரம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, தாளோடு வாயில் போட்டுக் காட்டினார். அது அரிசித் தாள்!

ஹுவே நகரத்தில் எள்ளும் வேர்க்கடலையும் போட்ட மெத்தென்ற மிட்டாய். "எள்ளுருண்டையைத் தட்டையா அமத்தி வச்சிருக்கினம்" என்றார் இவர். சொல்லிக்கொண்டே நான்கு துண்டு தின்றார். ஃபு குவோக் தீவு மீன் சாஸ் வாங்க ஆசைப்பட்டேன். பாட்டில் உடைந்தால் விமானம் முழுக்க மணக்கும், ஏற்றவே மாட்டார்கள் என்று ஹோட்டலில் தடுத்துவிட்டார்கள். அதே தீவின் மிளகு வாங்கினேன்.

கடைசி நாள் ஹனோய். லாமின் ஊர். இங்கேதான் சரியானதாக வாங்க வேண்டும்.

பழைய நகரப் பகுதியில் ஒரு தெரு. கடைக்குக் கடை ஒரே பலகாரம். பெயர் பான் கோம். முற்றாத இளம் நெல்லை வறுத்து இடித்துச் செய்கிற பச்சை அவலில் பிடித்த சதுரக் கேக். உள்ளே பயறும் தேங்காயும். கடையில் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. போனை நீட்டினாள். யாருக்கு என்று அதில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. 'மகளின் கல்யாண விஷயம். சம்பந்தி வீட்டுக்கு' என்று நானும் தட்டிக் காட்டினேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எடுத்து வைத்த சாதாரணப் பெட்டிகளை உள்ளே தள்ளினாள். வேறு பெட்டிகளைக் கொண்டுவந்து, சிவப்புக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, இரண்டு கைகளாலும் தந்தாள். ஐந்து நாளில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று விரல்களைக் காட்டினாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பக்கம் சட்டனில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. லாம், ஹோவா, மின் மூன்று பேரும் வந்தார்கள். "அம்மா, ப்ளீஸ், இதைப் பெரிய சீன் ஆக்காதீங்க" என்று நிலானி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். லாம் வழக்கம்போல மௌனமாகச் சாப்பிட்டார். தட்டுகளை எடுத்ததும் நான் பரிசுகளைக் கொண்டுவந்தேன். தேங்காய் மிட்டாயைப் பார்த்ததும் ஹோவா சிறுமிபோலக் கைதட்டினார். அங்கேயே ஒன்றைப் பிரித்து, அரிசித் தாளோடு வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு சிவப்புப் பெட்டிகளை லாம் முன்னால் வைத்தேன்.

அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதை யார் வாங்கச் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லவில்லை. நானேதான்…"

அவர் மனைவியிடம் வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னார். ஹோவாவின் சிரிப்பு நின்றது. லாம் எழுந்தார். பெட்டிகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். கோட்டை மாட்டினார். மகனை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார். மூன்று பேரும் காலணியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது.

நிலானி வெளுத்துப்போனாள். "அம்மா… வாட் டிட் யூ டூ?"

என்ன செய்தேன்? எனக்கே தெரியவில்லை. பலகாரம் கொடுத்தேன். அது துக்க வீட்டுப் பலகாரமோ? சிவப்புக் காகிதம் ஆகாதோ? அந்தப் பெண் என்னதான் கட்டிக் கொடுத்தாள்?

"நான் போய்க் கேக்கிறன்" என்று என் கணவர் எழுந்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தோம். தூறலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். நடுவில் லாம், கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டு, பெட்டிகளை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. பக்கத்தில் ஹோவா, கண் கலங்க. பின்னால் மின், காது வரை சிவந்து.

"எங்கள் ஊரில் இதைப் பையன் வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்" என்றார் லாம், மெதுவாக. "நீங்கள் எங்களுக்குக் கொடுத்தால் முறையில்லை. அதனால் நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம். உங்கள் மகளை எங்கள் வீட்டுக்குக் கேட்டு."

நிலானியும் மின்னும் எப்போதோ முடிவு செய்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

வாய் ஓயாத என் கணவருக்கு அப்போது பேச்சு வரவில்லை. முப்பது வருடம் பேசிய ஆங்கிலமும் எங்கோ போய்விட்டது. பெட்டிகளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "ஓம்… வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ" என்றார். லாமுக்குப் புரிந்தது. தலை குனிந்து உள்ளே வந்தார்.

தேநீர் குடிக்கும்போதுதான் அந்த மனிதர் பேசினார். பெண் கேட்டு முறையாக வர வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்தாராம். "எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. எங்கள் கல்யாணத்தின்போது பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. விடுதியில் இருந்த நண்பர்கள் நான்கு பேர்தான். யாரும் எதையும் யார் வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. உங்கள் முறை வேறாக இருக்குமோ, தவறாக எடுத்துக்கொள்வீர்களோ என்று… பேசாமல் இருந்துவிட்டேன்."

என் கணவர் லாமின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "எங்கள் கல்யாணத்துக்கும் என் அப்பா அம்மா வரவில்லை. போர் நேரம். போட்டோதான் அனுப்பினோம்" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பான் கோமை வெட்டினோம். கொஞ்சம் கெட்டியாகியிருந்தது. வாசனை போகவில்லை. ஒரு வாய் கடித்ததும் என் கணவருக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "இஞ்ச பாரும், பயறு, தேங்காய்… இது எங்கட மோதகம். பச்சைச் சட்டை போட்டிருக்கு." அதை நிலானி ஆங்கிலத்தில் சொல்ல, மின் அப்பாவுக்கு மொழிபெயர்த்தான். லாம் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஓர் ஊரின் தின்பண்டத்தை வாங்கும்போது, எதில் செய்தது, எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். அதை யார் கொடுக்க வேண்டும், யாருக்கு என்று கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெட்டியை வாங்கியே இருக்கமாட்டேன். சில நல்ல காரியங்கள் தெரியாத்தனத்தால்தான் நடக்கின்றன போலிருக்கிறது.

பெண் கேட்டு வந்தாயிற்று. கல்யாண மண்டபம்தான் இன்னும் அமையவில்லை… சட்டன் பக்கம் பார்க்கிங் வசதியோடு ஏதாவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.