அடையாற்றில் ஆக்ஸிஜன் தேடிய கதை

எழுபதுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு, அடையாற்றுத் தண்ணீர் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் பதிவு செய்துகொண்டேன். சுற்றுச்சூழல் என்ற சொல்லே அப்போது பலருக்குப் புதிது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதற்குச் சாக்கடைப் படிப்பு என்று பெயர்.

"கல்யாணத்துல யாராவது கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் அம்மா.

"ஜலத்தைப் பத்திப் படிக்கறாள்னு சொல்லு."

"எந்த ஜலம்னு கேப்பாளே."

வாரம் ஒரு காலை, கண்ணாடிப் புட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். அடையாற்றுப் பாலத்துக்கு மேற்கே ஒரு பெரிய சாக்கடை ஆற்றில் வந்து விழும். அங்கே நடு ஆற்றுக்கு ஒரு மீனவர் தன் சின்னப் படகில் என்னை அழைத்துப்போவார். தண்ணீரைப் புட்டியில் பிடித்து, அங்கேயே இரண்டு மருந்துகளை விட வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். எனக்கு எப்போதும் வெள்ளைதான்.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்துக்கினு கீறே?" என்றார் மீனவர். "என்னைக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்மா. இங்க மீனு ஒண்ணும் கெடையாது."

அவர் சொன்னதை நான் நம்பினேன். என் பேராசிரியர்தான் நான் சொன்னதை நம்பவில்லை. மேஜையை விட்டு எழாமலேயே அவருக்கு எல்லா ஆறுகளும் தெரியும்.

"ஓடற ஆத்துல சுத்தமா பூஜ்யம் வராதும்மா. உன் கை சரியில்லை. திரும்ப எடு."

மூன்று மாதம் திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒருநாள் வாய் தவறி, "நீங்களே வந்து எடுங்க சார்" என்றுவிட்டேன்.

வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கிற ஷூ.

"அத்தக் கழட்டிட்டு எறங்கு சார், சேறு கீது" என்றார் மீனவர். பேராசிரியர் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது அடியில் முழங்கால் வரை போய்விட்டார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நாங்கள் இழுத்தோம். அவர் வந்தார், இடது ஷூ வரவில்லை. சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆனால் மனிதர் திரும்பிப் போகவில்லை. ஒற்றை ஷூவோடு படகில் உட்கார்ந்து, தன் கையாலேயே தண்ணீர் பிடித்து மருந்தை விட்டார். வெள்ளை.

"மருந்து பழசா?"

"நேத்துதான் கலக்கினேன் சார்."

தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குடிதண்ணீரை ஒரு புட்டியில் ஊற்றி அதே மருந்தை விட்டார். பழுப்பானது. மறுபடி ஆற்றுத் தண்ணீர். மறுபடி வெள்ளை. புட்டியை மூடிக் கூடையில் வைத்தார்.

"பூஜ்யம்னு எழுதிக்கோ" என்றார்.

ஓர் ஆறு அந்த இடத்தில் செத்துக்கிடக்கிறது என்பது உறுதியானதற்கு உள்ளுக்குள் துள்ளிக் குதித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எதற்காகக் குதித்தேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் லேசாக உறைத்தது.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் எடுத்த எடுப்பிலேயே, "ஓடற ஆத்துல பூஜ்யமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர், "நானே எடுத்துப் பார்த்தேன் சார்" என்றார். எந்தக் கோலத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டம் கிடைத்தது. ஒரு பெண்கள் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஆற்றைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லாததால், முதல் நான்கு வருடம் தவளையை அறுத்துக்கொண்டிருந்தேன்.