பிடித்துக் காட்டு என்று சொன்னேன்

பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி முதல் தேர்தல் நடந்து முடிந்த அடுத்த வருடம் அது. தஞ்சாவூர்ப் பக்கம், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே கிராமங்களைச் சுற்றிவரும் வருவாய் ஆய்வாளராக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு 'ஆர்.ஐ. அம்மா'. வயது முப்பத்தொன்று. ஒரு டி.வி.எஸ். 50, ஒரு தோல் பை, அந்த இரண்டுக்கும் கொள்ளாத கர்வம்.

ஆனி மாதம். மேட்டூர் திறந்தும் எங்கள் பக்கக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. வரப்பெல்லாம் வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் பன்னிரண்டு இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. வயலில் எலி பிடிப்பதும், நடவு, களை என்று கூலிக்குப் போவதும்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அதில் ஒரு வீட்டுப் பெண் விடுதியில் தங்கிப் படித்துப் பிளஸ் டூ தேறியிருந்தாள். நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் இடம் உறுதி, இல்லாவிட்டால் களையெடுக்கப் போக வேண்டியதுதான். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது கோட்டாட்சியர் என்றாலும், நேரில் விசாரித்து ஆமா, இல்லையா என்று எழுதி அனுப்புவது என் வேலை. நான் 'இல்லை' என்று எழுதிவிட்டால் மேலே யாரும் அதை மாற்றப் போவதில்லை.

கூடவே ஒரு எதிர் மனுவும் வந்திருந்தது. அந்தப் புறம்போக்கின் மறுபாதியில் தென்னை வைத்து, வைக்கோல் போர் போட்டு அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய விவசாயி கொடுத்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவர் வீட்டில் கை நனைக்காத ஆள் கிடையாது. 'இவர்கள் இருளர்களே அல்ல, பிழைக்க வந்த வேறு ஆட்கள்' என்று எழுதியிருந்தார். ஒருத்திக்குச் சான்றிதழ் கிடைத்தால் மற்ற குடும்பங்களும் கேட்கும், அப்புறம் வீட்டுமனைப் பட்டா கேட்கும், அப்புறம் தென்னை போய்விடும் என்பது அவர் கணக்கு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் மனுவைப் பார்த்த பிறகு, விசாரணையைக் கொஞ்சம் கறாராகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வீட்டில் இருந்தாள். என்ன சாமி கும்பிடுவீர்கள், கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று வழக்கமான கேள்விகள். கன்னிமார் கும்பிடுவது முதல் எல்லாவற்றையும் சரியாகவே சொன்னாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"எலி, பாம்பு எல்லாம் பிடிக்கத் தெரியுமா?"

"நான் ஆறாவதுலேர்ந்து ஹாஸ்டல்ல இருந்தேங்க மேடம். அம்மா புடிப்பாங்க, சித்தி புடிப்பாங்க."

"இருளர்னா தெரிஞ்சிருக்கணுமே. அது தெரியாம என்ன இருளர்? ஒண்ணு பிடிச்சுக் காட்டு, இன்னிக்கே எழுதிடறேன்."

பாதி கேலியாகத்தான் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. என் முகத்தையும் என் மடியில் இருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குடிசைக் கூரையில் செருகியிருந்த ஒரு கம்பியை உருவிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாள். 'வேண்டாம், வா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நானோ குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வேடிக்கை பார்க்கப் போனேன்.

நாலாவது எலி வளையோ ஐந்தாவது வளையோ, நினைவில்லை. கம்பியால் குத்தி வாயை அகலப்படுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கத்தவில்லை. "மேடம், என்னமோ கடிச்சிடுச்சு" என்று பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை போலச் சொன்னாள். சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு பொட்டு ரத்தம்.

நான்தான் கத்தினேன். இரண்டு வயல் தள்ளி பம்புசெட் தண்ணீரில் நாற்றங்காலுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்டும் இடத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். கடிபட்டவளின் சித்தி. சுற்று வட்டாரத்து இருளப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்திருந்தவர், அந்தத் தேர்தலில் வார்டு உறுப்பினராகவும் ஜெயித்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று வரை நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கடிவாயைப் பார்த்தார், வளையின் வாயில் குனிந்து பார்த்தார். "கண்ணாடி விரியன்" என்றார். நான் என் கைக்குட்டையைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டப் போனபோது தடுத்தார். ஒரு குச்சியைக் கையோடு சேர்த்து வைத்து, தன் துண்டால் அசையாதபடி தளர்வாகச் சுற்றினார்.

உங்கள் ஆட்களிடம் மருந்து இருக்குமே என்று நான் உளறினேன்.

"இதுக்கு ஊசிதாங்க மருந்து. அந்த ஊசியே எங்க ஆளுங்க புடிச்சுக் குடுக்கற பாம்போட வெஷத்துலதான் செய்யறாங்க. வண்டிய எடுங்க."

டி.வி.எஸ். 50இல் மூன்று பேர். நடுவில் அந்தப் பெண். நாலு கிலோமீட்டர் மண் ரோடு. மெயின் ரோட்டில் ஒரு தனியார் பஸ்ஸை மறித்தோம். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் வேறு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் சித்தி அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். கை முழங்கை வரை வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். "வரப்புல நடந்து போகும்போது தடுக்கி விழுந்து கையை ஊன்றினா, அப்போ கடிச்சிடுச்சு" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். சித்தி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் பாம்பு எதுவென்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். உறைந்தால் நல்லது. உறையவில்லை. குழாயைச் சாய்த்தபோது தண்ணீராக ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது அவள் உயிரில்லை, என் வேலை. அவள் செத்தால் சஸ்பெண்ட், விசாரணை, பேப்பரில் பெயர் என்றுதான் மனம் ஓடியது. அவள் ஈறிலிருந்து ரத்தம் கசிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஊசி ஏற ஏற நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிட்னி பாதிக்காமல் இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாளும் ஆபீஸ் முடிந்து ஓடுவேன், வார்டு வாசலில் நின்று "யூரின் போனாளா?" என்று கேட்பேன். நாலாம் நாள்தான் பயமில்லை என்றார்கள்.

உயிர் பிழைத்தாள். ஆனால் சான்றிதழ்? விசாரணை அறிக்கையை நான் எழுதவே இல்லை. எழுத உட்கார்ந்தால் அன்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பொய் அறிக்கை. கடித்த விஷயம் அந்தப் பெரிய விவசாயி காதுக்கு எட்டாமலா இருக்கும்? பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். அவளுடைய நேர்முகத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தியிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பழங்குடிப் பெண்கள் ஒன்றுகூடல். தேர்தலில் ஜெயித்த மூன்று பெண்களுக்குப் பாராட்டு, மருத்துவச்சிகளுக்கு மரியாதை, மதியம் சாப்பாடு. அடியில் பேனாவால், 'ஆர்.ஐ. மேடம் அவசியம் வரணும்' என்று இருந்தது.

கூட்டத்தில் வைத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறார்கள், நிருபர் யாராவது வந்திருப்பார் என்று நினைத்தேன். போகாவிட்டால் அது இன்னும் மோசம். கடைசியில் போனேன்.

ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருந்தன. வாய்க்கால் கரை மாந்தோப்பில் ஒரு கீற்றுப் பந்தல். பல ஊர்களிலிருந்து இருநூறு பெண்கள் வந்திருப்பார்கள், இடுப்பில் குழந்தைகளோடு. பிரசவம் பார்க்கிற, விஷக்கடிக்கும் மஞ்சள்காமாலைக்கும் பச்சிலை கொடுக்கிற பெண்கள் தாங்கள் பறித்த தழைகளைப் பாயில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் முகர்ந்து காட்டுவதும், 'உன்னுது வேற, என்னுது வேற' என்று சண்டை போடுவதுமாக இருந்தது. ஜெயித்த மூன்று பேருக்கும் துண்டு போர்த்தியபோது அப்படி ஒரு குலவை. என்னை முன் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மற்ற எல்லோரும் தரையில். எனக்கு அது குற்றவாளிக் கூண்டாகத்தான் இருந்தது. மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

கடைசியில் சித்தி மைக்கை வாங்கினார்.

"நம்ம புள்ள ஒண்ணு செத்துப் பொழச்சு வந்திருக்கு. எப்படின்னு உங்க எல்லாருக்கும் தெரியும். மேடம் அதுக்கு ஒரு பரீட்சை வச்சாங்க. அதுவும் மேடத்துக்கு ஒரு பரீட்சை வைக்கணும்னு ஆசப்படுது. வைக்கலாமா?"

அந்தப் பெண் எழுந்து வந்தாள். மெலிந்திருந்தாள். கடிபட்ட இடத்தில் தோல் உரிந்து கறுத்திருந்தது. அந்தக் கையில் இரண்டு பச்சைப் பயிர்கள், வேரோடு.

"மேடம், நீங்க விவசாயக் குடும்பந்தானே?"

ஆமாம், தாத்தா காலத்திலிருந்தே என்றேன். என் தாத்தாவுக்கு ஒரு காலத்தில் ஊரில் பாதி நிலம். எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முதலில் அதைத்தான் சொல்லுவோம்.

"இதுல ஒண்ணு நெல்லு நாத்து. ஒண்ணு நெல்லு மாதிரியே மொளைக்கிற களை. எது நெல்லுன்னு சொல்லுங்க மேடம்."

இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒரே உயரம், ஒரே பச்சை. பிறந்ததிலிருந்து நெல் வயலுக்கு நடுவில் இருந்தவள் நான். அடங்கல் என்கிற பயிர்க் கணக்கில் எத்தனை ஏக்கர் குறுவை, எத்தனை ஏக்கர் சம்பா என்று வருடா வருடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். எது நெல் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக் குழந்தைகூட என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வலது கையில் இருந்ததை நீட்டினேன்.

அது களை.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பரவால்லைங்க மேடம். இது தெரியலேங்கறதுக்காக, நீங்க உங்க தாத்தாவோட பேத்தி இல்லேன்னு நாங்க எழுத மாட்டோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன். இன்ன தேதியில் நான்தான் பிடித்துக் காட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு சித்தியிடம் "நீங்க மன்னிக்கணும்" என்றேன். நான் அவரை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர், "மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல எழுதுங்க" என்றார்.

பந்தலிலேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். மனுதாரர் இருளர் இனத்தைச் சேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை என்று எழுதி, விசாரணையின்போது என் வற்புறுத்தலால் அவர் வளையில் கைவிட்டுப் பாம்பு கடித்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டேன்.

எதிர்பார்த்தபடி மெமோ வந்தது, ஒரு வருடம் இன்கிரிமென்ட் நின்றது, கடற்கரைப் பக்கம் மாற்றல் ஆனது. ஆனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவள் கைக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. குடிசைகளுக்குப் பட்டா வர இன்னும் சில வருடமும், ஒரு கோர்ட் கேஸும் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் இன்று அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் மூத்த நர்ஸ். பாம்புக்கடி வந்தால் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை அவளேதான் வாங்கி வைத்துக்கொண்டு இருபது நிமிடமும் பக்கத்தில் நிற்பாளாம்.

நான் ஓய்வு பெறும் வரை எத்தனையோ சான்றிதழ்களுக்கு விசாரணை செய்தேன். எதிரில் நிற்பவரிடம் 'நீ யாரென்று காட்டு' என்று கேட்க வாயெடுத்தபோதெல்லாம், என் வலது கையில் அந்தக் களைப்புல் இருப்பது போலத் தோன்றி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.