நீ, நாளை

ஷாங்காயில் ஒரு காவலாளிக்குத் தமிழ் தெரியும் என்று இருபது நிமிடம் முழுமனதாக நம்பினேன். அதுவும் சும்மா தமிழ் இல்லை, விசாரணைத் தமிழ். ஜெர்மனியின் எசன் நகரில் முப்பது வருடம் பத்திரமாக வாழ்ந்து, பாதித் தலைமயிரை நிம்மதியாக இழந்த மனிதன் நான்.

மகள் ஒரு ஜெர்மன் கொம்பனிக்காக அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய குடியிருப்பு முழுக்க ஐரோப்பியர்கள். வாசலில் தடுப்புக் கம்பம், உள்ளே சரிந்த ஓட்டுக் கூரைகள், கறுத்தப் பாண் விற்கும் பேக்கரி. பதினொரு மணித்தியாலம் பறந்து மறுபடி எசனிலேயே இறங்கிவிட்டேனோ என்றிருந்தது. ஆனால் சத்தமே இல்லை. ஒப்பந்தம் முடிந்து பலர் போய்விட்டதால் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஆளில்லாத ஊஞ்சல் ஒன்று காற்றில் ஆடியது. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு கமரா. நான் நடக்க, அவையும் மெல்லத் திரும்புவதாகப் பட்டது.

"அப்பா, வெளியில போனா பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கோ," என்றாள் மகள், வேலைக்குப் புறப்படும்போது. "உங்களுக்கு இன்னும் பொலிஸில அன்மெல்டுங் செய்யேல்லை. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"செய்யாட்டி பிடிச்சு வைச்சிடுவாங்களோ?"

"உங்களை வைச்சிருக்க அவங்களுக்கும் ஏலாது அப்பா. ரெண்டு நாளில திருப்பித் தந்திடுவாங்கள்."

அன்மெல்டுங் என்றால் ஜெர்மனியில் வெறும் முகவரிப் பதிவு. முன்கூட்டியே எடுத்த ஒரு நேரம், ஒரு படிவம், ஒரு கொட்டாவி. அதையே 'பொலிஸ் பதிவு' என்று தமிழில் நினைத்தால் என் மனம் கொழும்புக்குப் போய்விடும்.

வெளியே போய் வாழைப்பழம் வாங்கித் திரும்பினேன். வாசலில் காவலாளி கையைக் காட்டி மறித்தார். என் முகத்தை உற்றுப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"நீ... நாளை."

இதே சொற்களை முன்பும் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில், கொழும்பு லொட்ஜ் ஒன்றில். சோதனைக்கு வந்த சீருடைக்காரன் என் அறைத்தோழனின் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீ, நாளை வா" என்றான். தோழன் மறுநாள் போனான். நான் நாட்டைவிட்டுப் புறப்படும்வரை அவனுடைய மற்றச் சோடிச் செருப்பு கட்டிலுக்கடியில் கிடந்தது.

காவலாளி கையை நீட்டினார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். அதைக் கொண்டு காவல் கூண்டுக்குள் போய், தொலைபேசியில் யாரிடமோ பேசினார். இடையிடையே என்னைப் பார்த்து, "நீ நாளை? நீ நாளை?"

ஜெர்மன் கடவுச்சீட்டே போய்விட்டது, இனி நான் யார்? மகளையாவது காப்பாற்றுவோம் என்று என் போனிலிருந்த அவளுடைய இலக்கத்தை அழித்தேன். அழித்த பிறகுதான், உதவிக்குக் கூப்பிட எனக்கு வேறு யாருமில்லை என்பது உறைத்தது. அடுத்த அறிவார்ந்த காரியமாக வாழைப்பழங்களைத் தின்னத் தொடங்கினேன். உள்ளே சாப்பாடு எப்படியோ?

நாயோடு ஒரு ஜெர்மன் பெண் வந்தாள். எசனிலிருந்து வருகிறேன் என்று சொல்ல நினைத்து, "இஷ்... எசன்!" என்று கத்தினேன். ஜெர்மன் மொழியில் இஷ் என்றால் நான்; எசன் என்றால் ஊர் மட்டுமல்ல, சாப்பாடும்தான். அவள் என் வாயிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள். "குட்டன் அப்பெட்டீட்," என்று, நன்றாகச் சாப்பிடும்படி வாழ்த்திவிட்டு நடந்தாள்.

பழத்தை விழுங்கிவிட்டுப் பின்னால் ஓடினேன். "நாளைக்கு என்னைக் கொண்டுபோகப் போகிறார்கள்," என்றேன், இந்த முறை ஒழுங்கான ஜெர்மனில்.

அவள் திரும்பி வந்து காவலாளியிடம் சீனமொழியில் கேட்டாள். "உங்களுக்கு எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கிறார்," என்றாள்.

வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். காவலாளி அதைக் கொப்பியில் எழுதி, கடவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு பழத்தோலைக் காட்டிக் குப்பைத்தொட்டியையும் காட்டினார்.

பின்னேரம் மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "'நீ' எண்டா சைனீஸிலயும் நீ தான் அப்பா. 'நாலி' எண்டா எங்கை. அந்த மனிசன் உங்களை எங்கை எண்டுதான் கேட்டிருக்கு."

"பிறகேன் போன் எடுத்தவர்?"

"குடியிருப்பு ஒபிஸுக்குத்தான் எடுத்தவர். அவங்கள் பாஸ்போர்ட்டில இருந்த பேரை வைச்சு எனக்கு எடுத்துக் கேக்கப் பாத்தவங்கள். நான் மீட்டிங்கில நிண்டனான்."

பிறகு இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. கடவுச்சீட்டைக் கையிலேயே திருப்பித் தந்தார்கள்.