பச்சை மலையும் மஞ்சள் பொட்டும்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில், இயற்பியல் துறைக்கு நான் உதவியாளன். இயற்பியலை நான் காதால் படித்தவன். துறை வாசலில் ஒரு சாதனைப் பலகை இருக்கிறது. மாணவர்களோ ஆசிரியர்களோ எதையாவது சாதித்தால், அதில் வெள்ளைப் பெயின்டால் எழுதுவது என் வேலை. பெயர் ஏறியவர் துறையில் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு பெண் எம்.எஸ்சி. படிக்க வந்தாள். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா, ஏரியில் போட்டில் போய் மீன் பிடிப்பவர். அவள் ஒரு வெள்ளைத் தூளைக் காய்ச்சி எடுத்து, அது புற ஊதா ஒளியில் எப்படி மினுங்குகிறது என்று, சின்னத் தட்டில் பரப்பி ஒரு கருவிக்குள் வைத்துப் பார்ப்பாள். திரையில் வரும் கோடு சின்ன மேடாகவே நின்றது.

ஆயுத பூஜை முடிந்த வாரம், அதே கோடு பச்சை நிறப் பகுதியில் மலையாக எழுந்தது. தூளைக் கூடுதல் நேரம் சூட்டில் வைத்ததன் பலன் என்று எல்லோரும் நம்பினோம்.

"சாமி கண்ண தொறந்துட்டாருண்ணா!" என்று என்னிடம் ஓடி வந்தாள்.

சென்னையில் நடக்கும் கருத்தரங்கில் மேடையேறிப் பேச இடம் கிடைத்தது. அவளுக்கு வழிகாட்டிய மேடத்தின் மாணவர்களில் பேசத் தேர்வான முதல் ஆள் அவள்தான். பலகையில் எழுதினேன். போண்டாவும் தின்றோம்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மேடம் கேட்டார். "வெறும் தட்ட வெச்சுப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. தூள் இல்லாமல் தட்டை மட்டும் வைத்தாள். மலை அப்படியே எழுந்தது.

தட்டை வெளியே எடுத்துத் திருப்பினாள். ஓரத்தில் காய்ந்த மஞ்சள் பொட்டு. மஞ்சளும் அந்த ஒளியில் பச்சையாக மினுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"நான்தான் மேடம் பூஜையன்னிக்கு வெச்சேன். எங்க நைனா போட்டுக்கு வெக்கிற மாதிரி. எல்லா மிஷினுக்கும் வெளிய வெச்சாங்க, இதுக்கு உள்ளயும் இருக்கட்டுமேன்னு…"

கூடப் படிப்பவள் விடவில்லை. "இன்னாடி, மஞ்சத்தூளுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் குடுத்துடலாமா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் அழுதாள். மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்டியே போய்ப் பேசுனா யாருக்கும் தெரியாது மேடம்," என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரியாது. ஆனா அத நம்பி இன்னொரு புள்ள எங்கியாவது உக்காந்து தூள் காய்ச்சிக்கினு இருக்குமே?"

அப்புறம் அவளே எழுந்து தட்டைக் கழுவினாள். மறுபடி அளந்தாள். பழைய மேட்டை விடச் சற்றே உயரம், அவ்வளவுதான். அன்றைக்கே இருவரும் நடந்ததைக் கருத்தரங்குக்காரர்களுக்கு எழுதி அனுப்பினார்கள். மேடைப் பேச்சு போனது. சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு போஸ்டருக்கு இடம் தந்தார்கள்.

நான் துணியும் பெயின்டை அழிக்கும் தின்னருமாகப் பலகை முன்னால் நின்றேன். துடைக்கக் கை வரவில்லை. சுருட்டிய போஸ்டரோடு ரயிலுக்குக் கிளம்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, முழுசா அழிக்காத. பேச்சுன்றத மட்டும் எடுத்துட்டு போஸ்டர்னு போடு."

"போடறேம்மா. நைனா இன்னா சொன்னாரு?"

"போட்டுக்குப் பொட்டு வெச்சாலும் வலைய நாமதான இழுக்கணும்னாரு. அப்பறம் ரொம்ப நேரம் சிரிச்சாரு."

அவள் சொன்னபடியே எழுதினேன். இந்த ஆண்டு பூஜையில் அந்தக் கருவிக்குப் பொட்டு மேசைக் காலில்தான். வைத்தவளும் அவள்தான்.