கலாவதி கொண்டுவந்த குடிபூரல் படம்

சுவிஸின் கூர் நகரத்து ஹோட்டலில் கலாவதி துடைக்காத இடம் கிடையாது. குளியலறை, மாடிப்படி, கதவுப்பிடி, காலைச் சாப்பாட்டு மேசையில் சிந்திய பாண் துணுக்கு. அதெல்லாம் சம்பளத்துக்குத் துடைத்தது. ஒன்றை மட்டும் ஆசைக்குத் துடைத்தாள். சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில், சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓர் இங்கிலாந்துக் கிராமம்.

ஒரு காலத்தில் மலை பார்க்க வந்த இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கிய ஹோட்டல் அது. வந்தவர்களுக்குச் சொந்த ஊரில் இருக்கிற நினைப்பு வரட்டும் என்று அன்றைய முதலாளி லண்டனில் அச்சான படங்களை வாங்கி மாட்டியிருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. மரக்கட்டையில் செதுக்கி, தாளில் அழுத்தி, மேலே கையால் வர்ணம் தீட்டியவை. வைக்கோல் வேய்ந்த வீடுகள், அறுவடை வயல், ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருக்கும் பெண்பிள்ளை. அந்தப் படங்களில் ஒருவருக்கும் பசி இல்லை. ஒருவர் உடுப்பும் கிழியவில்லை. கிழிந்திருந்தாலும் வடிவாகக் கிழிந்திருக்கும்.

கலாவதியின் படம் அவற்றில் பெரியது. வாசலில் ரோசாக்கொடி படர்ந்த வீடு. முன்னால் ஒரு குதிரை வண்டி. வண்டியில் கட்டில், மெத்தை, மணிக்கூடு, கோழிக்கூடு. பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். அவள் பாவாடையைப் பிடித்தபடி பிள்ளைகள். கதவடியில் தொப்பி போட்ட பெரிய மனிதர், ஒரு கையில் தாளோடு. வலது மூலையில், வேலிக்கு அப்பால், இன்னொரு வண்டி. அதன் அருகே ஒரு புருசனும் பெண்சாதியும்.

படத்தின் பெயர் தெரியாது. சட்டம் போட்டவன் கீழ் ஓரத்தை மறைத்துவிட்டான். அவளுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. பார்த்த முதல் நாளே விளங்கிவிட்டது. குடிபூரல். புது வீடு புகுகிற நாள். பெண்ணின் இடுப்பில் நிறைகுடம். தொப்பிக்காரர் அவர்கள் ஊர் ஐயராக்கும், தாளில் நல்லநேரம் குறித்து வைத்திருக்கிறார். வேலிக்கு அப்பால் நிற்பவர்கள் விருந்தாளிகள், வண்டி நிறையப் பரிசு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் வேறு என்னத்தை நினைப்பாள்?

அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் இது புரியும். சனமெல்லாம் சண்டைக்கு அஞ்சி ஓட, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெறுமையான அந்த ஐப்பசி மழையில், கைக்குழந்தை ஆரனைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் கலாவதி. பிறகு சுவிஸ். பிறகு அகதி முகாம். பிறகு இதே ஹோட்டலின் கூரையடியில், வேலைக்காரருக்கு ஒதுக்கிய அறைகள். புருசன் நெஞ்சுவலியில் போனதும் அங்கேதான், ஆரன் படித்து ஆளானதும் அங்கேதான். சொந்தமாக ஒரு கதவு அவளுக்கு இருந்ததில்லை. ஆகவே வீடு புகுகிற படத்தை ஒவ்வொரு காலையும் துடைத்தாள். அது பக்தி மாதிரி.

இந்த வருடம் ஹோட்டல் கைமாறியது. புது முதலாளிக்கு வெள்ளைச் சுவர் வேண்டும். பழைய படங்கள் குப்பைக்கு. கூரையடி அறைகளும் இல்லை. மாதக் கடைசியில் கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். போகும்போது என்ன வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது கலாவதி சுவரைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

அறை போனதில் அவளுக்குப் பயம் இல்லை. ஆரன் டீட்டிகோன் நகரத்தில் வீடு வாங்கிவிட்டான். வாடகை இல்லை, சொந்தம். அவனும் மனைவி ஜெனனியும் வங்கிக் கடனோடு மல்லுக்கட்டி வாங்கிய மூன்றாம் மாடி வீடு. அதில் கிழக்குப் பார்த்த யன்னல் உள்ள அறை அம்மாவுக்கு என்று சொல்லியிருந்தான். இனி அவளுக்கு உலகத்தில் உள்ள ஒரே அறை அதுதான்.

குடிபூரல் நாளன்று ஒரு கையில் பெட்டியும் மறு கையில் போர்வை சுற்றிய படமுமாக ரயிலில் வந்து இறங்கினாள்.

“என்னம்மா இது? ஹோட்டல் கதவையும் கழட்டிக்கொண்டு வாறியளோ?” என்றான் ஆரன்.

“விலத்தடா. உன்ரை வீட்டுக்கு உன்ரை அம்மா கொண்டுவாற வரிசை.”

வேறு வரிசை அவளால் எடுக்க முடியாது. நிறைகுடம், உப்பு, அரிசி, சாமிப்படம் எல்லாம் ஜெனனியின் தாய் முன்னுக்கு நின்று எடுத்துப் போனாள். கைம்பெண் பின்னுக்கு நிற்க வேண்டும். கையில் சிவப்பு நிறச் சுவிஸ் பாஸ்போர்ட் இருந்தாலும் அந்தச் சட்டம் எங்கள் சனத்திடம் மாறவில்லை. கலாவதி போர்வையைப் பிரித்தாள். வாசலுக்கு நேரே, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரில் படத்தை மாட்டுவித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கம் சொன்னாள்.

“பாருங்கோ, வெள்ளைக்காரரும் நிறைகுடம் வைக்கிறவை.”

“அப்ப அந்தத் தொப்பிக்காரர் ஐயரோ அக்கா? பூணூலைக் காணேல்லை” என்றது ஒரு குரல்.

“குளிருக்குக் கோட்டுக்குள்ளை இருக்கும்.”

வீடு சிரித்தது. குசினிக்குள் வேறு ஒரு வாக்குவாதம். பால் பொங்கி வழிய வேண்டும். ஆனால் இந்தப் புது மின்னடுப்பில் ஒரு சொட்டு வழிந்தாலும் அது தானே நின்றுவிடும். பால் பொங்கலாமா, அடுப்பு விடுமா என்று ஜெனனியும் தாயும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆரன் தன் காரில் ராசாவையும் வேணுகாவையும் கூட்டிவந்தான்.

இவர்களில் ராசா கலாவதியின் முகாம் காலத்து ஆள். முதல் பனிக்காலத்தில், கூருக்கு மேலே மலையில் இருந்த முகாமில், தன் கம்பளியை ஆரனுக்குப் போர்த்திவிட்டுத் தான் கோட்டோடு படுத்தவன் ராசா. பிறகு டீட்டிகோனில் பொருள் கிடங்கு வேலைக்கு வந்து, வேணுகாவைக் கட்டி, பெண்பிள்ளைகளைப் பெற்று, இங்கேயே வாடகைக்கு இருந்தான். போன வருடம் அந்தக் கட்டிடத்தில் எல்லோரையும் வீடுகளை விட்டு எழுப்பிவிட்டார்கள் என்றும் பக்கத்து ஊரான பாடனில் சின்ன வீடு ஒன்று கிடைத்தது என்றும் போனில் சொல்லியிருந்தான். கலாவதி அவன் வீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. ஹோட்டல்காரிக்குச் சனி ஞாயிறு கிடையாது. அவன்தான் மீனும் பிட்டும் கட்டிக்கொண்டு மலை ஏறி வருவான்.

இன்று ராசா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். அவன் இடது கை தன்பாட்டில் உயர்ந்து சுவரைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை, புது வெள்ளைச் சுவர். லைட் சுவிட்ச் வலப்பக்கம் இருந்தது. கையைச் சட்டென்று கீழே போட்டான். கலாவதி கண்டாள். ஏனென்று யோசிக்கவில்லை.

“தம்பி, வா. வேணுகா, நீயும் வா. நான் கொண்டுவந்த படத்தைப் பார்” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினாள். “குடிபூரல் படம்.”

ராசா பார்த்தான். மற்றவர்கள் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்தான்.

“இது குடிபூரலோ அக்கா?”

“பின்னை?”

“குதிரை எங்கை பாத்து நிக்குது? வீட்டுக்குச் சாமான் கொண்டாற வண்டியெண்டால் வாசலைப் பாத்தெல்லோ நிக்கும். இது றோட்டைப் பாத்து நிக்குது.”

“வந்து திருப்பி விட்டிருப்பாங்கள்.”

“புகைக்கூண்டிலை புகை இல்லை. உந்தத் தொப்பிக்காரன்ரை மற்றக் கையைப் பாருங்கோ. திறப்புக்கோர்வை. அவன் கதவைத் திறக்கேல்லை அக்கா, பூட்டுறான். இந்தச் சனம் உள்ளுக்குப் போகேல்லை. எழுப்பிவிட்டிருக்கிறாங்கள்.”

“நல்ல நாளிலை என்ன கதை இது” என்று ஜெனனியின் தாய் குசினியிலிருந்து குரல் கொடுத்தாள்.

ஜெனனி போனை எடுத்துப் படத்தைப் பிடித்துத் தேடினாள். ராசா மாமாவின் பகிடி என்று காட்டத்தான் எடுத்தாள். திரையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“மாமி... சரிதான். பெயரே அதுதான். ‘வெளியேற்றம்’ எண்டு போட்டிருக்கு. பண்ணை முதலாளிக்கு அந்த வீடு தேவைப்பட்டதாம்.”

கலாவதி மறுபடி படத்தைப் பார்த்தாள். எத்தனை காலை. எத்தனை துணி. அந்தப் பெண்ணின் முகத்தை, அந்தக் குடத்தை, பாவாடை பிடித்த பிள்ளைகளின் கையை விரல் நுனியால் துடைத்தவள் அவள். அந்த ஐப்பசியில் ஊரை விட்டு, செம்மணி வெளியில் இதே மாதிரிப் பிள்ளையும் குடமுமாக நின்றவளும் அவள். தன்னைத் தானே கண்ணாடிக்குப் பின்னால் கண்டும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? படத்தில் மழை இல்லை. சேறு இல்லை. கன்னம் எல்லாம் ரோசா நிறம். வாங்குகிறவன் தன் விருந்து மண்டபத்தில் மாட்ட வேண்டுமே, அதற்காகப் பூசிய வர்ணம். அநியாயத்துக்கு நல்ல சாயம் பூசிவிட்டால் அடிபட்டவளே அதைக் கும்பிடுவாள்.

“உனக்கெப்பிடியடா ஒரு பார்வையிலை தெரிஞ்சது?” கலாவதி ராசாவின் பக்கம் திரும்பினாள்.

ராசா ஆரனைப் பார்த்தான். ஆரன் தரையைப் பார்த்தான். வேணுகாதான் வாய் திறந்தாள்.

“நாங்களும் இப்பிடித்தான் நிண்டனாங்கள் அக்கா. மெத்தையைச் சுவரிலை சாத்திப்போட்டு, பெட்டையளையும் வைச்சுக்கொண்டு. கீழை, இந்த வாசல்லை.”

“எந்த வாசல்?”

“இந்தக் கட்டிடத்து வாசல். அப்ப மரக்கதவு. இப்ப கண்ணாடி போட்டிருக்கினம்.”

 வாசலடிச் சுவரைத் தடவிய ராசாவின் கை இப்போதுதான் கலாவதிக்கு விளங்கியது.

“இந்த மாடியோ?”

“இந்த வீடுதான் அக்கா. சுவரை உடைச்சு மாத்திப்போட்டினம். ஆனால் யன்னல் அதேதான்.” வேணுகா கிழக்குப் பக்க அறையைக் கண்ணால் காட்டினாள். “அதுக்குள்ளைதான் எங்கடை பெட்டையள் படுத்தவை.”

அந்த அறை வாசலில் கலாவதியின் பெட்டி இருந்தது.

“ஆரன். உனக்குத் தெரியுமோ?”

“அம்மா, நான் ஆரையும் எழுப்பேல்லை. முழுச் சனத்தையும் எழுப்பி, திருத்தி, பிறகுதானே விலைக்கு விட்டவங்கள். நான் வாங்காட்டில் வேறை ஆரோ வாங்கியிருப்பான்.”

“அதை நான் கேக்கேல்லை. தெரியுமோ?”

“...ஓம்.”

“விடுங்கோ அக்கா” என்றான் ராசா. “பெடியன் காருக்குள்ளை கேட்டவன், நல்ல நாள், அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ மாமா எண்டு. சொல்லக்கூடாதெண்டுதான் நானும் படி ஏறினனான். உங்கடை படமெல்லோ கதைச்சுப்போட்டுது.”

“பாலை வைக்கவேணும், நேரம் போகுது” என்றாள் ஜெனனியின் தாய். பாவம், அவளுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கலாவதி குசினிக்குள் போனாள். கைம்பெண் வரக்கூடாது என்று தடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வேணுகாவிடம் நீட்டினாள்.

“நீ வை. இந்த வீட்டிலை நீதான் வைக்கவேணும்.”

வேணுகா வாங்கவில்லை. “அக்கா, உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. நீங்கள் கூப்பிட்டு வராமல் விடேலாது, அதாலை வந்தனான். இந்த அடுப்படியிலை இனி நான் பால் காய்ச்சமாட்டன்.”

அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். ஆரன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். “நடக்கத் தெரியும்” என்று ராசா சொன்னான். “ஸ்டேஷனுக்கு வழியும் தெரியும்.”

ஜெனனிதான் பாலை வைத்தாள். அது பொங்கியது. ஒரு கோடு வழிந்தது. அடுப்பு மூன்று தரம் கீச்சிட்டுவிட்டுத் தானே நின்றது. ஒருவரும் கும்பிடவில்லை. கை என்னமோ பழக்கத்தில் குவிந்து, பாதியில் நின்றது.

விருந்தாளிகள் கலைந்த பிறகு ஆரன் படத்துக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டான்.

“கழட்டுறன் அம்மா. இது வீட்டுக்குக் கூடாது.”

கலாவதி பக்கத்தில் வந்து நின்றாள். வலது மூலையில் ஒரு விரல்தடம் இருந்தது, யாரோ பிள்ளை தொட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கும்போது, வேலிக்கு அப்பால் நின்ற அந்தப் புருசனும் பெண்சாதியும் கண்ணில் பட்டார்கள். விருந்தாளிகள் என்று அவள் சொன்னவர்கள். அவர்கள் வண்டியிலும் கட்டில் இருந்தது. மெத்தை இருந்தது. அவர்களின் குதிரை வாசலைப் பார்த்து நின்றது. கதவடி காலியாகட்டும் என்று காத்துக்கொண்டு, மரியாதையாக, ஒருவரையும் தள்ளாமல். அவர்களுக்குப் பின்னால், வண்டியின் மேல், மூட்டையை அணைத்தபடி ஒரு வயதான பெண்ணும் இருந்தாள். இத்தனை வருடத்தில் அவளை ஒரு சாமான் என்றுதான் கலாவதி நினைத்திருந்தாள்.

அவள் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

“அம்மா?”

“கதிரையை எடு.”

“இதை இங்கை வைச்சால் வாறவை என்னெண்டு கேப்பினம்.”

“கேக்கட்டும். நான் சொல்லுறன்.” அவள் சேலைத் தலைப்பை விட்டு, வேலிக்கு அப்பால் நின்ற வண்டியைத் தொட்டாள். “உதிலை நாங்களும் நிக்கிறம், ஆரன்.”