இடம் மாறிய சிவப்புப் புள்ளி

அந்த அவசர அழைப்பு மையத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். பதினான்கு வருஷமாக ஒரே ஹாலில் வேலை. இருந்தும் அவள் வீடு எந்தப் பக்கம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாராவது ஆசையாகக் கேட்டால், “எதுக்குக் கேக்கறீங்க?” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சந்தேகம் அவளுக்கு வேலை கொடுத்த குணம். போனில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. ஒருமுறை ஒருவன், “மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா” என்று மனைவியைப் பற்றி நிதானமாகச் சொன்னான். பின்னால் ஒரு குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு விம்முவது இவள் காதில் விழுந்தது. ஆம்புலன்ஸோடு போலீஸையும் அனுப்பினாள். அந்தப் பெண் இன்று உயிரோடிருப்பது அதனால்தான். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றி வைப்பதுபோல அந்தச் சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவளுக்குத் தெரியவில்லை. பஸ் லேட் என்று கணவர் சொன்னால், எந்த பஸ் என்பாள். “உங்கம்மாகிட்ட பேசறதுக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலமே கொடுத்துடலாம்” என்று அவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, நான் துறைமுக ஊர் சென்டர்ல இருக்கேன். உங்க வேலைதான் எனக்கும். நம்மள மாதிரி போன் எடுக்கற பொம்பளைங்க எல்லாரும் சேந்து ஒரு குழு வச்சிருக்கோம். நீங்களும் வாங்களேன்.”

“என் நம்பர் யார் குடுத்தா?”

“பயிற்சி வகுப்புல உங்க பக்கத்துல உக்காந்திருந்தவங்க.”

“என்ன விக்கறீங்க?”

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பும் இவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சேர்ந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால்தானே என்ன உள்குத்து என்று தெரியும்!

அறுபத்து மூன்று பெண்கள். கழுத்து வலிக்கு என்ன செய்வது, பதவி உயர்வுத் தேர்வில் என்ன கேட்டார்கள், ஒரு குழந்தை இறந்துபோன அழைப்புக்குப் பிறகு அடுத்த அழைப்பை எப்படி எடுப்பது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். பூட்டு எல்லாவற்றையும் படித்தாள். ஒரு வரி எழுதவில்லை. “உங்க சென்டர்ல ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர்?” என்று ஒருத்தி கேட்டதும், கேட்டவள் மேலிடத்து ஆள் என்று பூட்டு மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அது நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவளை எல்லோரும் சிட்டு என்பார்கள். அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு. “அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்று ஒன்றை இவளுக்கு மாற்றிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது என்று ஒரு பெண் கதறினாள். நூலகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு, பன்னிரண்டாம் நம்பர். இரண்டு தடவை சொல்லிச் சரிபார்த்து, தட்டச்சு செய்து, திரையின் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி அந்தத் தெருவில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆம்புலன்ஸை அனுப்பினாள்.

வண்டி ஊரின் மறுகோடியில் பஸ் டிப்போவில் போய் நின்றது. அங்கே, தன் கையிலிருந்த மற்ற அழைப்புக்காகச் சிட்டு அனுப்பிய வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பத்தொன்பது நிமிஷம் வீண். அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

“கேட்டது சரியாத்தான் கேட்டிருக்கீங்க. குறிச்சதுதான் தப்பு” என்று, பேச்சுப் பதிவைக் கேட்ட சூப்பர்வைசர் மெமோவை நீட்டினார். விசாரணை முடியும்வரை போன் எடுக்கக் கூடாது. கோப்பு அறையில் வேலை.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. புள்ளியைத் தன் கண்ணால் பார்த்தாளே! அப்படியானால் யாரோ நகர்த்தியிருக்க வேண்டும். யாருக்கு வசதி? டிப்போ அழைப்பு சிட்டுவுடையது. பதவி உயர்வுக்கு இரண்டு பேருமே விண்ணப்பித்திருந்தார்கள். கைகழுவும் இடத்தில் சிட்டுவை மடக்கினாள்.

“உன் கால் வந்த இடத்துக்கு என் வண்டி எப்படிப் போச்சு?”

“என்னையா கேக்கறீங்க?” என்ற சிட்டு, குழாயை மூடாமல் ஈரக் கையோடு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

“எட்டு வருஷமா பக்கத்துல இருக்கற பொண்ணு. அது எதுக்குப் பண்ணப் போகுது?” என்றார் கணவர்.

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

அந்த வாரமே துறைமுக ஊர்க்காரி கூப்பிட்டாள். “நியூஸ்ல பாத்தேன். உங்க சென்டர்தானேக்கா?”

“யார் கேக்கச் சொன்னா?” என்று போனைத் துண்டித்தாள் பூட்டு.

மறுநாள் காலை ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கம், பதினொரு தேதிகள். கீழே ஒரு செய்தி: “எங்க சென்டர்ல புள்ளி தானா ஓடின நாளெல்லாம் இது. பதினொண்ணுமே ஒரு சீட்லேர்ந்து இன்னொரு சீட்டுக்கு மாத்தின கால். டிரைவருங்க போன் பண்ணி வழி கேட்டதால தப்பிச்சோம். தப்பு உங்க மேலதான்னு நீங்க உக்காந்து அழுதுட்டு இருக்கக் கூடாதேன்னு அனுப்பறேன்.”

அவள் அந்தப் படத்தையும் சந்தேகப்பட்டாள். ஒரே மூச்சில் எழுதியதோ என்று பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று விதமான பேனா மை. ஒரு வரிமேல் டீக்கறை. பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் இவ்வளவு கோணல்மாணலாக எழுத மாட்டார்கள் என்று பட்டது.

சோதித்துப் பார்க்க இரண்டு நாற்காலி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் பூட்டு சிட்டுவின் முன்னால் போய் நின்றாள்.

“பத்து நிமிஷம் வரியா? பயிற்சி லைன்ல ஒண்ணு பாக்கணும்.”

“எதுக்கு? என்னைப் பிடிச்சுக் குடுக்கவா?”

“தப்பு யாரோடது, மெஷினோடதுதானான்னு பாக்க.”

சிட்டு சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கூடவே வந்தாள். பயிற்சி லைனில் நிஜ வண்டி எதுவும் கிளம்பாது. சிட்டு ஒரு பொய் அழைப்பை எடுத்து இவளுக்கு மாற்றினாள். இவள் ஒரு தெருவைக் குறித்தாள், புள்ளி உட்கார்ந்தது. சிட்டு அடுத்த அழைப்பை எடுத்து மார்க்கெட் என்று குறித்தாள். இவள் திரையில் இருந்த புள்ளி, யாரும் தொடாமலே, மார்க்கெட்டுக்கு ஓடியது.

மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் ஓடியது.

சிட்டு திரையையே பார்த்தபடி, “எட்டு வருஷம் அக்கா” என்றாள்.

“உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்” என்றாள் பூட்டு. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அந்த ஹாலில் யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை, வேறு எங்காவது இப்படிப் புள்ளி ஓடியதுண்டா என்று முதல்தடவையாகக் குழுவில் எழுதினாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் நான்கு சென்டர்களிலிருந்து தேதியும் மணியும் வந்து குவிந்தன. ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டவளே தன் சென்டரில் நடந்த ஆறு சம்பவங்களை அனுப்பியிருந்தாள். ஆள் குறைவான ஷிப்டில்தான் அழைப்புகள் கைமாறுகின்றன, அதைத்தான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

விசாரணையில் அந்தத் தாள்களைப் புரட்டிய அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “யாரும்மா இந்தப் பொம்பளைங்கல்லாம்?”

“என்கூட வேலை பாக்கறவங்க சார்.”

பத்தே நாளில் மென்பொருளைத் திருத்தினார்கள். மெமோ ரத்தானது. அவள் மறுபடி ஹெட்செட்டை மாட்டினாள். நடந்தது என்ன என்று அந்த மனிதரின் மனைவிக்கு அலுவலகம் கடிதம் எழுத வேண்டும் என்று இவளே விடாமல் கேட்டு எழுத வைத்தாள். அவருடைய வலது கையும் பேச்சும் மட்டும் திரும்பவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் குழுவிலுள்ள பெண்கள் ஒரு வாடகை ஹாலில் கூடினார்கள். துறைமுக ஊர்க்காரி ஓடிவந்து கையைப் பிடித்ததும் பூட்டு ஓரடி பின்வாங்கி, “முதல்ல ஐடி கார்டைக் காட்டுங்க” என்றாள். அவள் காட்டினாள். இவள் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

சிட்டுவும் அங்கே வந்திருந்தாள். பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வேலை விஷயம் தாண்டி இன்னும் அவள் அதிகம் பேசுவதில்லை. சாப்பிடும்போது பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சிட்டு தட்டோடு வந்து, கொஞ்சம் யோசித்து, அதில் உட்கார்ந்தாள்.